அட்லாண்டாவில் ஓர் ஊறுகாய் மரம்

அட்லாண்டா பக்கம் புதிதாக வீடு வாங்குகிற தமிழர்கள், புல்வெட்டும் இயந்திரம் வாங்கிய கையோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பின்னாடி ஒரு எலுமிச்சை மரம் வைக்கலாமா?" வைக்கலாம். டிசம்பரில் செத்துப்போகும். நம் ஊர் நாட்டு எலுமிச்சை, பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரண்டு டிகிரி போனாலே கருகிவிடும் சாதி. இங்கே சாதாரணக் குளிர்காலத்திலேயே சில இரவுகள் -7, -8 செல்சியஸ் வரை இறங்கும். 2022 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்த குளிரலையில் ஒரே ராத்திரியில் -13 வரை போனது. எங்கள் தெருவில் வருடக்கணக்காக நின்ற கார்டீனியாச் செடிகளே அந்த வாரத்தில் பழுப்பாகிப் போயின.

அதனால் இங்குள்ள நம் வீடுகளில் எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லிகை எல்லாமே தொட்டியில்தான். நவம்பரில் கராஜுக்குள் தூக்கு, ஏப்ரலில் வெளியே தூக்கு. நடுவில் இலை கொட்டும், செதில்பூச்சி பிடிக்கும், வீட்டில் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். எனக்கு இது அலுத்துவிட்டது. மண்ணில் வேர்விட்டு, மழையில் நனைந்து, என் தயவை எதிர்பார்க்காமல் நிற்கிற மரம் ஒன்று வேண்டும் என்று தேடிப் போய்த்தான் தாமஸ்வில் சிட்ரேஞ்ச்குவாட்டிடம் வந்து சேர்ந்தேன்.

பெயர் வாயில் நுழைய ஒரு வாரம் ஆகும். பூர்வீகத்தைச் சொன்னால் எளிது. சாதாரண இனிப்பு ஆரஞ்சையும், சீனாவிலிருந்து வந்த மூவிலை ஆரஞ்சு என்ற முள்மரத்தையும் கலந்தால் வருவது சிட்ரேஞ்ச். அந்த சிட்ரேஞ்சைக் கும்குவாட் என்ற குட்டிப் பழத்தோடு மறுபடி கலந்தால் சிட்ரேஞ்ச்குவாட். தாமஸ்வில் என்பது எங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். டெல்ஃபேர், சின்டன் என்று இதற்குக் கூடப்பிறந்தவர்களும் உண்டு.

இத்தனை கலப்பு எதற்கு என்றால், 1894இலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் கடைசியில் ஃபுளோரிடாவில் கடுங்குளிர் அடித்தது. மரத்தில் இருந்த பழமெல்லாம் உறைந்து உதிர்ந்தன, இலைகள் கொட்டின. ஆனால் பெரும்பாலான மரங்கள் சாகவில்லை. விவசாயிகள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அதற்கப்புறம் ஜனவரி முழுக்க இதமான வெயில். மரங்கள் வசந்தம் வந்துவிட்டதாக நினைத்துத் துளிர்விட்டன. பட்டைக்குள் சாறு ஏறி ஓட ஆரம்பித்தது. அந்த நிலையில், 1895 பிப்ரவரியில் இரண்டாவது குளிர் வந்தது. சாறு உறைந்து பட்டை வெடித்தது, மரங்கள் தரைமட்டம் வரை செத்தன. நிறைய குடும்பங்கள் தோப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன. வடக்கு, மத்திய ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தொழில் தெற்கே நகர்ந்ததற்கு இந்தக் குளிர்காலம் ஒரு பெரிய காரணம்.

தோட்டம் போடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. மரத்தைக் கொன்றது வெறும் குளிர் இல்லை. தூங்கிக்கொண்டிருந்தபோது முதல் குளிரைத் தாங்கிய மரம், விழித்தபின் வந்த இரண்டாவது குளிரில் செத்தது. -8 டிகிரி என்பது தூங்குகிற மரத்துக்கு ஒன்று, விழித்த மரத்துக்கு வேறு ஒன்று. நர்சரிச் சீட்டில் 'இத்தனை டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருப்பதை நான் பாதிதான் நம்புவதற்கு இதுவே காரணம். எந்த மாதம், முந்தைய வாரம் எப்படி இருந்தது என்று சொல்லாத எண்ணுக்கு என்ன அர்த்தம்?

அந்தச் சமயத்தில் ஃபுளோரிடாவில் யூஸ்டிஸ் என்ற ஊரில், அமெரிக்க வேளாண் துறையின் சின்ன ஆய்வகம் ஒன்றில் வால்டர் ஸ்விங்கிள் என்ற இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கூட ஹெர்பர்ட் வெப்பர். குளிர் தாங்கும் ஆரஞ்சை உண்டாக்கியே தீருவது என்று இருவரும் இறங்கினார்கள். மூவிலை ஆரஞ்சு ஏற்கெனவே அமெரிக்காவுக்கு வந்திருந்தது, வேலிக்கு வைத்திருந்தார்கள். விரல் நீள முள், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், -20க்குக் கீழேயும் சாகாது. பழம்தான் வாயில் வைக்க முடியாது. மேலே பூனைமயிர், உள்ளே விதைக் கூட்டம், வெட்டினால் கத்தியில் ஒட்டுகிற பிசின், கசப்போ கசப்பு.

கலப்பதிலும் ஒரு சிக்கல். சிட்ரஸ் விதைகள் பலவற்றில் மகரந்தத்தால் உண்டாகும் கரு மட்டும் இருக்காது. தாயின் திசுவிலிருந்தே கிளம்பும் கருக்களும் கூட இருக்கும், அவை தாயின் அச்சு அசல் நகல்கள். நீங்கள் பாடுபட்டு மகரந்தம் தடவி, விதை எடுத்து முளைக்கவைத்தால், முளைப்பவற்றில் பெரும்பாலானவை அப்பா முகமே அறியாத பிள்ளைகளாக இருக்கலாம். மூவிலை ஆரஞ்சை அப்பாவாக வைத்ததில் ஒரு வசதி கிடைத்தது. அதன் மூன்று இலைக் குணம் பிள்ளைகளுக்குத் தப்பாமல் வரும். நாற்றங்காலில் குனிந்து பார்த்து, மூன்றாகப் பிரிந்த இலை உள்ள நாற்றை மட்டும் பொறுக்கினால் போதும். மரபணுச் சோதனை எல்லாம் கனவில்கூட இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய வரம்!

இப்படி 1897இல் பிறந்தவைதான் சிட்ரேஞ்சுகள். குளிர் தாங்கின. ஆனால் இரண்டு குறை. ஒன்று, ருசியில் மூவிலை அப்பாவின் கசப்பு எட்டிப்பார்த்தது. இரண்டாவது குறை இன்னும் மோசம்: ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்தால் போதும், துளிர்விட்டுவிடும். 1895இல் மரங்களைக் கொன்ற அதே அவசரம். ஸ்விங்கிள் 1909இல் கும்குவாட்டைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். கும்குவாட் சரியான தூங்குமூஞ்சி. குளிர்காலத் தூக்கத்தில் ஒருமுறை விழுந்தால், நடுவில் வாரக்கணக்கில் வெயிலடித்தாலும் கண்ணைத் திறக்காது. மூவிலையின் உடம்பு, கும்குவாட்டின் தூக்கம், ஆரஞ்சின் சாறு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் என் கராஜ் சுவரோரம் நிற்கும் மரம்.

(ஸ்விங்கிளைப் பற்றி ஒரு கொசுறு. இன்று கடையில் விற்கிற மெட்ஜூல் பேரீச்சை அமெரிக்காவில் விளைவதற்கும் அவர்தான் காரணம். 1927இல் மொராக்கோவிலிருந்து 11 கன்றுகளைக் கொண்டுவந்தார். வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் சீனப் புத்தகங்கள் பெரிய அளவில் சேர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. சீனாவின் பழைய வட்டார நூல்களில் செடிகொடிகளைப் பற்றி எழுதியிருப்பது அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு பழத்தின் பின்னால் ஓடி மனிதர் எங்கெல்லாம் போயிருக்கிறார் பாருங்கள்.)

சரி, வளர்ப்புக்கு வருவோம்.

எங்கள் ஊர் மண் செம்மண். ஆனால் சிவகங்கைச் செம்மண் மாதிரி நினைத்துவிடாதீர்கள், இது களிமண். மழை பெய்தால் குழிக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். சிட்ரஸ் வேர் ஈரத்தில் ஊறினால் அழுகும். ஆகவே ஆழக் குழி தோண்டி நல்ல மண் நிரப்புகிற வேலை இங்கே உதவாது, அது தொட்டியைப் பூமிக்குள் புதைத்த கதைதான். மண்ணை மேடாக அணைத்து, மேட்டின் மேல் நட வேண்டும். வேர்ப்பந்தின் மேல்பாகம் சுற்றுத்தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்தே இருக்கட்டும். இடம், தெற்குப் பார்த்த செங்கல் சுவருக்கு முன்னால். பகலில் சுவர் வாங்கிய வெயிலை ராத்திரி திருப்பிக் கொடுக்கும், வடக்கிலிருந்து வரும் காற்றையும் மறைக்கும். என் தோட்டத்தில் அந்த ஓர் இடத்துக்காக வீட்டுக்குள் ஒரு சின்ன அரசியலே நடந்தது. அங்கே முன்பு ரோஜா இருந்தது, அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

நடுவது ஏப்ரல் நடுவில், பனி போனபின். இலையுதிர் காலத்தில் நர்சரியில் தள்ளுபடி போடுவார்கள், ஆசைப்படாதீர்கள். வேர் பிடிக்காத செடி குளிர்காலத்தைப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டு குளிர்காலங்கள் குழந்தை மாதிரிதான், கட்டாயம் மூட வேண்டும். உரம் மார்ச்சிலிருந்து ஜூலை வரை. ஆகஸ்டுக்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் செப்டம்பரில் இளந்துளிர் தள்ளும், நவம்பரில் அது அத்தனையும் கருகும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால்தான் மரம் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். அந்த வேலையைக் கெடுக்காமல் இருப்பதுதான் இலையுதிர் காலத்தில் நமக்கு உள்ள ஒரே வேலை.

வாங்கும்போது ஒட்டுக்கன்றா, சொந்த வேரில் வளர்ந்ததா என்று கேளுங்கள். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும். மூவிலை ஆரஞ்சு அடிக்கட்டையாக இருந்தால் மேல்மரத்தின் குளிர் தாங்கும் சக்தியும் கொஞ்சம் கூடும். ஆனால் ஒட்டுக்கு மேலே செத்துவிட்டால் கீழிருந்து முளைப்பது அடிக்கட்டைதான். செழிப்பாக வளர்கிறதே என்று வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, கடைசியில் பூனைமயிர்ப் பழத்தைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் உண்டு. சொந்த வேர்க் கன்று அடியோடு கருகினாலும், அடியிலிருந்து அதுவாகவே திரும்பி வரும். ஒட்டு என்றால், குளிர்காலத்துக்கு முன் ஒட்டு மறையும் அளவுக்கு மண்ணை அணைத்து, மார்ச்சில் கலைத்துவிடுவது நல்லது. வெளியே தெரிகிற மரம் முழுக்கச் செத்தாலும், மண்ணுக்குள் ஒட்டுக்கு மேலே ஒரு மொட்டாவது பிழைக்கும்.

கடுங்குளிர் ராத்திரிகளுக்கு என்ன செய்வது? -8 வரை இப்போது என் மரத்துக்கு எதுவும் செய்வதில்லை. அதற்குக் கீழே என்று வானிலைக்காரர் சொன்னால்தான் எழுந்திருப்பேன். பழைய போர்வைகளைத் தரைவரை தொங்குகிற மாதிரிப் போட வேண்டும். மரத்தின் தலையில் மட்டும் துணியைக் கட்டி, கீழே கயிற்றால் இறுக்குவதைப் பலர் செய்கிறார்கள். அதில் பயனே இல்லை. வெப்பம் வருவது மண்ணிலிருந்து, அதைத்தான் சிறைபிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். முந்தின நாள் மண்ணை நன்றாக நனைத்துவிட்டால் அது அதிக வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போர்வைக்குள் பழைய மாதிரி கிறிஸ்துமஸ் விளக்குச்சரத்தை விடுவது இந்த ஊர்ப் பழக்கம். எல்இடி சரம் வேண்டாம், அது அழகாக எரியும், மரம் விறைக்கும். சூடாகிற பல்பு வேண்டும். எனக்குப் பிடித்தது தண்ணீர் டிரம். 200 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம், 100 வாட் பல்பு கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமம். அதற்குமேல் உறைய ஆரம்பித்தால் ஒவ்வொரு கிலோவும் இன்னும் 80 கிலோகலோரி கொடுக்கும். ஃபுளோரிடாவில் ராத்திரி முழுக்க மரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதும் இந்தக் கணக்கில்தான். வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நடுவில் தண்ணீர் நின்றுபோனால் சும்மா விட்டதைவிட மோசமாகும்.

குளிர் போனபின் இலையைப் பாருங்கள். இலைகள் உதிர்ந்து விழுந்தால் நல்ல செய்தி. இலையைக் கழற்றிவிடுவதற்குக் காம்பு உயிரோடு இருக்க வேண்டும். காய்ந்த இலை கிளையிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கினால் அந்தக் கிளை போய்விட்டது என்று அர்த்தம். ஆனாலும் கத்தரியை எடுக்காதீர்கள். ஏப்ரல், மே வரை பொறுத்தால் எங்கே துளிர்க்கிறது என்று மரமே காட்டும்.

மற்ற எதிரிகள் அதிகமில்லை. மான்கள் முள்ளைப் பார்த்து ஒதுங்குகின்றன. இலைச்சுரங்கப் பூச்சி துளிர்களில் வெள்ளிக்கோடு போடும், பார்க்க அசிங்கம், பெரிதாகக் கெடுதல் இல்லை. பறவை எச்சம் போல வேஷம் போட்டுக்கொண்டு புழு ஒன்று உட்கார்ந்திருக்கும். தொட்டால் ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். நம் ஊர் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வருகிற புழுவின் பங்காளிதான், பெரிய அழகுவால் பட்டாம்பூச்சியாகும். நான் ஒன்றிரண்டை விட்டுவைப்பேன்.

இப்போது பழத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இந்த மரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு மன்னிப்புத் தொனியில் எழுதுகிறார்கள். மரம் அழகு, பூ வாசனை, பழம்தான்… என்று இழுப்பார்கள். பச்சையாக இருக்கும்போது எலுமிச்சைக்குப் பதிலாகப் பிழியலாம், நன்கு பழுத்தால் சாப்பிடவும் சாப்பிடலாம், ஆனால் ஆரஞ்சு இல்லை என்பார்கள். குளிர் தாங்கும் கலப்பினங்கள் எல்லாமே இந்தத் தராசில்தான் நிறுக்கப்பட்டன. கரிசோ, டிராயர் போன்ற சிட்ரேஞ்சுகளும், கிரேப்ஃப்ரூட்டைக் கலந்து உண்டாக்கிய ஸ்விங்கிள் சிட்ருமெலோவும் பழத்துக்காகப் பிறந்து, கடைசியில் மற்ற மரங்களுக்கு அடிக்கட்டையாக உழைக்கப் போயின. உலகத்தின் எத்தனையோ ஆரஞ்சுத் தோப்புகள் இந்தத் தோற்றுப்போனவர்களின் காலில்தான் நிற்கின்றன.

ஆனால் புளிப்பும் கசப்பும் தோலில் எண்ணெயும் ஒரு பழத்தின் குறை என்று யார் சொன்னது? நான் கும்பகோணம் பக்கம் வளர்ந்தவன். காய்ச்சல் வந்து நாக்கு செத்துக் கிடக்கும்போது கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைப்பது உப்பு நாரத்தங்காய். கருப்பாக, தோல்போல, உப்புப் பூத்து, கசந்து, அப்புறம் வாயெல்லாம் ஊறி. கிடாரங்காயும் அப்படித்தான், அப்படியே யாரும் உரித்துத் தின்ன மாட்டார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆரஞ்சைத் தேடிப் போய், ஒரு நல்ல ஊறுகாய்க் காயைக் கண்டுபிடித்துவிட்டு, தோல்வி என்று எழுதிவைத்திருக்கிறது. அவர்களுக்குத் தயிர்சாதம் தெரியாது, அவ்வளவுதான்.

ஆறு மாத விசாவில் அம்மா வந்திருந்தபோது ஒரு காயைப் பறித்துக் கொடுத்தேன். நகத்தால் தோலைக் கீறி மோந்து பார்த்தாள். நுனி நாக்கில் வைத்தாள்.

"ஏன்டா, இது எலுமிச்சையும் இல்ல, ஆரஞ்சும் இல்ல. நாரத்தைக்குப் பொறந்த சீமைப்பிள்ளை மாதிரின்னா இருக்கு."

"கசக்கறதேம்மா?"

"கசந்தா என்ன? உப்பு எதுக்கு இருக்கு? ஜாடி இருக்கா வீட்டுல, இல்ல எல்லாம் பிளாஸ்டிக்தானா?"

நாரத்தங்காயைச் சுருள் சுருளாக, அறுந்துபோகாமல் நறுக்கி உப்பை அடைப்பது வழக்கம். இது சின்னக் காய், சுருள் எடுக்க இடமில்லை. அடி விடாமல் நாலாகக் கீறி, விதைகளை நோண்டி எடுத்துவிட்டு (விதை இருந்தால் வேறு மாதிரிக் கசப்பு ஏறும்), கல்லுப்பை அடைத்து ஜாடியில் போட்டாள். தினம் ஒரு குலுக்கு. சாறு விட்டு, தோல் தளர்ந்தபின் வெயிலில் எடுத்து வைப்பது, ராத்திரி மறுபடி அதே உப்புச் சாற்றில் போடுவது, சாறு முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை.

வெயில்தான் இங்கே பிரச்சினை. காய் நிறம் மாறுவது அக்டோபர், நவம்பரில். அப்போது அட்லாண்டா வெயில் வெறும் அலங்காரம். அதனால் ஊறுகாய்க்குப் பச்சையாகவே, செப்டம்பரில் பறித்துவிட வேண்டும். அணில்களுக்கு உப்பு நாரத்தையில் ஆர்வமில்லை, ஆனால் தட்டைக் கவிழ்ப்பதில் இருக்கிறது. மேலே கம்பிவலை அவசியம். மிஞ்சிய காய்களை மரத்திலேயே விட்டு மஞ்சளாக்கிப் பறித்தால் ரசத்துக்குப் பிழியலாம், சர்க்கரை போட்டு ஜூஸும் ஆகும். ஜூஸ் சுமார்.

இனிப்புப் பழம்தான் வேண்டும், ஊறுகாய் எல்லாம் கடையில் வாங்கிக்கொள்வேன் என்பவர்கள் சட்சுமா என்ற கமலா வகையை வையுங்கள். -9 வரை போராடும், ஆனால் எங்கள் ஊரில் அடிக்கடி மூட வேண்டியிருக்கும். யூசு என்ற ஜப்பானியப் புளிப்பு வகையும் ஏறக்குறைய அதே தாக்குப்பிடிப்புதான், வாசனை அபாரம். விதையிலிருந்து வளர்த்தால் 18 வருடம் காத்திரு என்று ஜப்பானில் சொல்வார்களாம், ஆகவே ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். மேரிலாண்ட், நியூஜெர்சி நண்பர்கள் கேட்கிறார்கள்: உங்களுக்குத் தாமஸ்வில்லும் தாங்காது. சுவர், டிரம், பல்பு என்று எல்லாம் வைத்துப் போராடினால் ஒருவேளை. தொட்டியே உத்தமம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ஃபுளோரிடாவில் 2003-04இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2022-23இல் 1.6 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களும் உண்டு, ஆனால் முதல் குற்றவாளி 2005இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பசுமையாக்க நோய். அதைப் பரப்புவது ஆசிய சிட்ரஸ் சாறுறிஞ்சிப் பூச்சி. அந்தப் பூச்சிக்குப் பிடித்த செடிகளில் நம் கறிவேப்பிலையும் ஒன்று. அதனால் சிட்ரஸ் கன்றைப் போலவே கறிவேப்பிலைக் கன்றையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. டாம்பாவில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து கார் டிக்கியில் வைத்துக் கொண்டுவருகிறவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம். சான்றிதழ் உள்ள நர்சரியிலிருந்து மட்டும் வாங்குங்கள். இந்த நோயைத் தாங்கும் குணம் மூவிலை ஆரஞ்சுக்கு இருப்பதால், நூறு வருடமாகக் கசப்பு என்று ஒதுக்கி வைத்த கலப்புகளை வேளாண் துறை இப்போது மறுபடி தூசி தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் ரத்தம் கொஞ்சம் ஓடுகிற சன்டிராகன் என்ற ரகத்தை வெளியிட்டும் இருக்கிறார்கள்.

ஊறுகாய் அளவு கேட்டு வருபவர்களுக்கு முன்கூட்டியே: அம்மா அளந்து போடவில்லை. நான் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு கல்லுப்பு போடுகிறேன், கெடாமல் நிற்கிறது. உடனே வேண்டும் என்றால் துண்டு போட்டு, கொதிநீரில் ஒரு கொதி விட்டு வடித்துவிட்டு, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, மிளகாய்ப்பொடி, உப்பு. கொஞ்சம் இஞ்சி நறுக்கிப் போட்டால் எடுப்பாக இருக்கும். வெந்தயம் போட்டும் பார்த்தேன், இருக்கிற கசப்பே போதும்.